காய்ச்சிய கம்பளி

காஞ்சிபுரத்தில் செப்டம்பர் மாதத்தில் கம்பளி கேட்டால், உங்கள் பின்னால் வயதானவர் யாராவது நிற்கிறாரா என்றுதான் கடைக்காரர் முதலில் பார்ப்பார். "பத்ரிநாத்தா, அமர்நாத்தா?" என்று காந்தி ரோட்டுக் கடையில் கேட்டார்கள். போலந்து என்றேன். அது எந்தச் சாமி என்று கேட்காத குறைதான். கடைசியில் ஒரு குரங்குக் குல்லாவையும் இரண்டு ஜோடி தெர்மல் உள்ளாடையையும் பரண்மேலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்கள். வெளியே அனல் அடித்தது. அந்த வெயிலில் உள்ளாடையைத் தோளில் வைத்து அளவு பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

சென்னையில் ஒரு கல்லூரியில் உணவுப் பதப்படுத்துதல் படிக்கிறேன். ஒரு செமஸ்டர் மட்டும் போலந்தில் லூப்ளின் என்ற ஊரில் படிக்க வாய்ப்புக் கிடைத்திருந்தது. என்னென்ன துணி கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அம்மா தறியில் உட்காருகிறவள். எந்தத் துணியின் பெயரைச் சொன்னாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகத் தேய்த்துக்கொள்ளும். அன்றும் தேய்த்தபடியே கேட்டாள். "நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒன்று" என்ற இடம் வந்ததும் விரல்கள் நின்றன. எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் கொண்டுவந்தது அண்ணனின் ராணுவ ஸ்வெட்டர். என் அண்ணன் சரவணன் ராணுவத்தில் இருந்தான், வடக்கே மலையில். நான்கு வருடங்களுக்கு முன் லீவில் வந்தவன், திருப்புட்குழி பக்கம் ஹைவேயில் பைக் மோதி இறந்துபோனான். அவன் பையில் இருந்த மற்ற துணியை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. இந்தப் பச்சை ஸ்வெட்டரை மட்டும் அம்மா ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தாள். துவைக்கவே இல்லை. முகத்தருகே கொண்டுபோனால் அவன் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை மிச்சமிருந்தது. "அங்க குளுருமே. அவனுது உன் ஒடம்புல இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலை போட்டுப் பார்த்தேன். முரட்டுக் கம்பளி. அப்பா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், கழுத்தைச் சொறிந்தபடி, "அரிக்குதுப்பா, எப்படிப்பா இதப் போட்டுக்கினு இருக்கறது?" என்றேன். கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஐயம்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே என் கல்லூரி சீனியர் தீபா அக்கா இருந்தாள். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவள், தன் குளிர்கோட்டைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அந்தக் கோட்டு என் மடியில் ஒரு ஆள் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, குழந்தையா என்று எட்டிப் பார்த்தார். டிரைவர் கோட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தச் சிரிப்போடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அப்பா சாயப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பட்டு நூல் பட்டறைக்கு வரும்போது முரட்டு நாராகத்தான் வரும். சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் காய்ச்சினால் பசை விட்டுப்போய் மெத்தென்று ஆகிவிடும். அதற்கப்புறம்தான் சாயம். முப்பது வருடமாக அவர் இதைத்தான் செய்கிறார். பட்டு பூச்சியிலிருந்து வருகிறது, கம்பளி ஆட்டிலிருந்து வருகிறது, இரண்டும் உயிரிலிருந்து வருகிற நூல்தானே என்று நினைத்திருக்கிறார். கம்பளி கொதித்தால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

நூல் காயப் போடும் மூங்கிலில், அரக்கு நிற நூல்களுக்கு நடுவே, அண்ணனின் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போடலாம், அந்த அளவு. கம்பளி கெட்டியாக இறுகிவிட்டிருந்தது. தோளிலும் முழங்கையிலும் தைத்திருந்த துணி ஒட்டுகள் மட்டும் சுருங்காமல் அப்பளம் மாதிரி உப்பி நின்றன. அப்பா அதன் கீழே ஈரக் கையோடு நின்றிருந்தார். அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

"நாலு வருசமா வெச்சிருந்தேன். எம் புள்ள வாசனையக் காச்சிக் கீழ ஊத்திட்டீங்களே" என்றாள்.

அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். அவர் ஏன் அதைக் காய்ச்சினார் என்று அந்த இடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மாவின் கோபம் என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்று எழுதும்போதும் அதை நினைத்தால் கூசுகிறது.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. சண்டை இல்லை, கத்தல் இல்லை. எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. நூல்காரர் வந்துவிட்டுப் போனார் என்று அப்பாவிடம் சொல், பெட்டிக்குப் பூட்டு வாங்கச் சொல், சாப்பிட வரச் சொல். பெட்டியைப் பட்டறையில் நூல் நிறுக்கும் தராசில் வைத்து எடை பார்த்தோம். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். எடை கூடுதலாக இருக்கிறது என்று அப்பா என்னிடம் சொன்னார். எதை எடுப்பது என்று அம்மா என்னிடம் கேட்டாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தராசு அளவுதான் இடைவெளி.

புதுத் துணிக்கெல்லாம் அம்மா ஓரத்தில் மஞ்சள் வைத்தாள், தெர்மல் உள்ளாடைக்கும் குரங்குக் குல்லாவுக்கும் சேர்த்து. கடைசியாக அந்தச் சுருங்கிய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தாள். இது எதற்கு, போட முடியாதே என்றேன்.

"நீயே எடுத்துக்கினு போ. இது இங்க இருந்தா அவரப் பாக்கும்போதெல்லாம் என் வாயில ஏதாச்சும் வந்துடும்" என்றாள்.

இட்லிப் பொடி ஒரு கிலோவை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதற்கு இடம் செய்தோம். விமான நிலையத்துக்குப் போகும் காரில் அப்பா முன் சீட்டில் இருந்தார். ஏசி அதிகமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லச் சொன்னாள் அம்மா. சொன்னேன். அவர் குறைத்தார். நான் போன பிறகு இவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. 

லூப்ளினில் ரயிலை விட்டு இறங்கியதும் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று தண்டவாளத்தில் விழுந்தது. நம் ஊராக இருந்தால் நாலு பேர் கூடி, எந்தக் கடையில் வாங்கினாய் என்று விசாரித்திருப்பார்கள். இங்கே ஒரு மனிதர் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிப் படியேற்றி மேலே வைத்தார், தலையை அசைத்தார், போய்விட்டார். நன்றி என்ற சொல்லைப் போலிஷ் மொழியில் நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் ஆள் மறைந்துவிட்டார்.

முதல் வாரம் முழுக்கச் சாப்பாட்டில் போனது. பியரோகி என்று ஒன்று. பார்த்தவுடன் கொழுக்கட்டை என்று மனம் துள்ளியது. உள்ளே உருளைக்கிழங்கும் புளிப்புப் பாலாடைக்கட்டியும், மேலே வதக்கிய வெங்காயம். நாலு சாப்பிட்டேன். ஐந்தாவதில் தேங்காய்ப் பூரணத்தைத் தேடினேன். இந்த ஊருக்கென்றே ஒரு வட்ட ரொட்டி உண்டு, மேலே வெங்காயமும் கசகசாவும் தூவிச் சுடுவது. காலையில் சூடாக வாங்கினால் அதைக் குறை சொல்ல முடியாது. மிளகும் இஞ்சியும் மணக்கும் எங்கள் ஊர் இட்லியை மட்டும் அதன் பக்கத்தில் வைத்து நினைக்கக் கூடாது.

என் அறைத்தோழி ஓலா. கல்லறைக்கோ தேவாலயத்துக்கோ தவிர வேறெங்கும் அவசரமாகப் போகாத பெண். என் தெர்மல் சட்டையின் கழுத்தோரத்தில் இருந்த மஞ்சளைப் பார்த்து, கறை போக ஒரு திரவம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தாள். அது கறையில்லை, என் அம்மா என்றேன். புரிந்துகொண்டாளா தெரியவில்லை, பாட்டிலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

ஒருநாள் கல்லூரிக்குப் போகும் டிராலி பஸ் நடுச் சாலையில் நின்றுவிட்டது. மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் நீளக் கம்பு நழுவிவிட்டது. டிரைவர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்னால் இருந்த கயிற்றை இழுத்து, கம்பைக் கம்பியில் மாட்டப் பார்த்தார். மூன்று முறை நழுவியது. பஸ்ஸில் இருந்த ஒருவரும் பேசவில்லை. ஒரு யோசனை சொல்லவில்லை, ஒரு உச்சுக் கொட்டவில்லை. கைகளைப் பைக்குள் விட்டபடி காத்திருந்தார்கள். இந்த மௌனத்தில் யாருக்கும் வருத்தமில்லை என்று தோன்றியது. எங்கள் வீட்டு மௌனம் அப்படிப்பட்டதில்லை.

தினமும் அம்மா வீடியோவில் வருவாள். என்ன சாப்பிட்டாய், குளிருகிறதா, கை ஏன் சிவந்திருக்கிறது. அப்பாவிடம் கொடு என்றால் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவர் வந்து, சாப்பிட்டாயாம்மா என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து போய் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாள். பின்னால் அப்பா வந்து உட்காருவது தெரிந்தது. சாப்பிட வா என்பதற்கு இப்போது அதுதான் வழி என்று புரிந்தது.  சிக்னல் போய்விட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் தீபா அக்கா கொடுத்த கோட்டின் ஜிப் பழுதாகிவிட்டது. ஓலா என்னை ஒரு தையல்கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் ஹலினா அம்மாள், ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறி இருந்தது. கோட்டை எடுக்கப் பையைக் கவிழ்த்தபோது ஸ்வெட்டரும் சேர்ந்து விழுந்தது. அதை அறையில் விட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் ஜிப்பை மறந்துவிட்டு ஸ்வெட்டரைத்தான் எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதை யார் காய்ச்சியது என்று கேட்டார். ஓலா மொழிபெயர்த்தாள். என் அப்பா, தவறுதலாக, என்றேன். தவறா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த நாட்டில் கம்பளியை வேண்டுமென்றே கொதிக்க வைத்து இறுக்குகிறார்களாம். காற்று புகாது, தண்ணீர் சீக்கிரம் இறங்காது. செருப்பு, கையுறை, கோட்டு எல்லாம் அதில் தைக்கிறார்கள். அவரே செய்வதுண்டு, ஆனால் இவ்வளவு சீராக வருவதில்லை, எங்காவது கட்டி தட்டிவிடும். "எவ்வளவு நேரம் காய்ச்சினார், எத்தனை சூடு, கேட்டுச் சொல்" என்றார். பிறகு என் சிவந்த கைகளைப் பார்த்துவிட்டு, இதில் உனக்கு ஒரு ஜோடி கையுறை வரும், ஸ்வெட்டர்க் கை நுனியில் உள்ள பட்டை அப்படியே மணிக்கட்டுக்கு ஆகும் என்று சுண்ணக்கட்டியை எடுத்தார். வெட்டினால் நூல் பிரியாதா என்று கேட்டேன். ஓரத்தில் கொஞ்சம் நறுக்கிக் காட்டினார். ஒரு இழைகூடப் பிரியவில்லை. நெசவாளி வீட்டில் பிறந்து, வெட்டியும் பிரியாத துணியை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நிறுத்துங்கள் என்றேன். அம்மாவைக் கேட்காமல் அதில் கத்திரி படக் கூடாது. கேட்பதென்றால் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். அப்பா எவ்வளவு நேரம் காய்ச்சினார் என்பதையும், ஏன் காய்ச்சினார் என்பதையும். மூன்று நாள் அதைத் தள்ளிப்போட்டேன்.

நவம்பர் முதல் தேதி ஓலா தன் தாத்தாவின் கல்லறைக்குக் கிளம்பினாள். நானும் போனேன். அங்கே அது இறந்தவர்களை நினைக்கும் நாளாம், ஊரே கல்லறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சாமந்தித் தொட்டி. மஞ்சளும் வெள்ளையும், எங்கள் பூக்கடைகளில் கூடை கூடையாக வருகிற அதே பூ. முன்பு ஒருநாள் அறையில் வைக்க நான் சாமந்தி வாங்கப்போய் ஓலா தடுத்தது நினைவுக்கு வந்தது. இங்கே அது செத்தவர்களுக்கு மட்டும் உள்ள பூ. நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. கண்ணுக்கு எட்டிய வரை ஒவ்வொரு கல்லறையிலும் கண்ணாடிக் குடுவைக்குள் விளக்கு. குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், இறந்தவரைப் பற்றித்தான் என்று ஓலா சொன்னாள். நாங்கள் சரவணனைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அம்மா கூப்பிட்டாள். வீட்டில் அப்போது எட்டரை மணி. போனைத் திருப்பிக் காட்டினேன்.

"என்னாடி இது, திருவிழாவா?"

"இல்லம்மா. செத்துப்போனவங்களப் பாக்க வந்துருக்காங்க. ஊர்ல எல்லாரும்."

அவள் கொஞ்ச நேரம் விளக்குகளையே பார்த்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"மா, அந்த ஸ்வெட்டரு கழுத்துல அரிக்குதுன்னு நான்தான் அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். அதனாலதான் காச்சுனாரு. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

 அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. நானே மேலே பேசிக்கொண்டு போனேன், தையல்கடை, ஹலினா அம்மாள், கையுறை, வெட்டினாலும் இழை பிரியாதது, எல்லாம். எவ்வளவு நேரம் காய்ச்சினார் என்று அந்த அம்மாள் கேட்டுச் சொல்லச் சொன்னார், அப்பாவைக் கேளேன் என்றேன். கேட்டுவிட்டுத்தான் என்ன கேட்டேன் என்பதே உறைத்தது. அவள் கையில் போன். அப்பா அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில். நடுவில் நான் இல்லை.

படம் ஆடியது. அம்மா திரும்பியிருந்தாள்.

"ஏங்க. அத எவ்ளோ நேரம் காச்சுனீங்க?"

 "முக்கா மணி நேரம் இருக்கும்" என்றார் அப்பா. "பட்டுக்குக் காட்டற தீயிதான். ஏன்?"

"அந்த ஊர்ல ஒரு அம்மா கேக்குதாம். சீரா வந்துருக்குதுன்னு சொல்லுச்சாம்." பிறகு அம்மா கேட்டாள். "பொண்ணு அரிக்குதுன்னு சொன்னாள்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஊருக்குப் போற புள்ள" என்றார் அப்பா. "நீ திட்டி அனுப்பிடுவியேன்னு."

எனக்குக் கண் மறைத்தது. ஓலா என்னைப் பார்த்துவிட்டு, தன் தாத்தாவின் கல்லறைமேல் இருந்த காய்ந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அம்மா மறுபடி போனுக்கு வந்தாள். "கைக்குத்தான? வெட்டச் சொல்லு. மிச்சத்த எறிஞ்சிடாத, எடுத்துக்கினு வா" என்றாள். போனை அலமாரியில் வைத்தாள். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றியது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அடுத்தது கரண்டி என்று காத்திருந்தேன்.

"ஆறிப் போவுது" என்றது அம்மாவின் குரல். "சாப்ட வாங்க."

நாற்காலி நகர்ந்தது. இரண்டு பேரும் போனை அணைக்க மறந்துவிட்டார்கள். நான் அணைக்கவில்லை. அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை, கையுறை இல்லாத கை விறைத்துப்போக, அந்த விளக்குகளுக்கு நடுவே போனைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.